தடுப்பூசியும் போட்டாயிற்று, பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. பிறகு ஏன் குட்டிகள் சாகின்றன?

கால்நடை மருத்துவர் பதில்

பினாங்கு மாநிலம் நிபோங் திபால் பக்கத்திலிருந்து ஆடு வளர்க்கும் ஓர் அன்பர் நீளமாக எழுதியிருக்கிறார். வயது 57. தொழிற்சாலை வேலையை விட்டபோது கைக்கு வந்த பணத்தைப் போட்டு, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய நிலத்தில் பரண் கொட்டகை கட்டியிருக்கிறார். ஜம்னாபாரி கலப்பு, மொத்தம் 34 உருப்படி. நான்கு மாதங்களுக்கு முன் கெடா பக்கத்தில் 8 ஆடுகளை வாங்கி அப்படியே மந்தையில் சேர்த்தார். சில வாரங்களில் குட்டிகளுக்குக் கழிச்சல் தொடங்கி ஏழு குட்டிகள் போய்விட்டன. பெரிய ஆடுகளும் மெலிந்தன. இரண்டுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கியிருக்கிறது.

ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தை மாதம் தவறாமல் கொடுத்திருக்கிறார். நிமோனியா தடுப்பூசியும் போட்டார். ஊசி போட்ட மூன்றாவது வாரத்திலேயே நான்கு ஆடுகளுக்கு நிமோனியா. கடைசியில் புழுக்கையையும் ரத்தத்தையும் ஆய்வகத்தில் கொடுத்தார். வயிற்றுப்புழு முட்டை ஒரு கிராமுக்கு 3,200, குட்டிகளிடம் கோக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி மிக அதிகம், புதிதாக வந்த ஆடு ஒன்றின் ரத்தத்தில் டிரிப்பனோசோமா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி என்று அறிக்கை வந்திருக்கிறது.

“வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் டாக்டர்” என்று முடிக்கிறார். தடுப்பூசி போலி, விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்கிறார் மகன். மருந்து கொடுத்துக் கொடுத்தே ஆட்டின் எதிர்ப்புச் சக்தியைக் கெடுத்துவிட்டாய், புழுவோடு இருந்தால்தான் ஆடு பழகும் என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். இத்தனை வகைப் பூச்சி ஒரே உடம்பில் இருந்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளாதா என்பது இவருடைய சந்தேகம். பேசாமல் எல்லாவற்றையும் தீபாவளி வியாபாரிக்குத் தள்ளிவிடலாமா என்பது கடைசிக் கேள்வி.

ஐயா, வணக்கம்.

ஏழு குட்டிகளைக் கையால் புதைத்திருக்கிறீர்கள். மனம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் மருந்துக்கடைக்கு ஓடாமல் ஆய்வகத்துக்குப் போனீர்களே, அது பெரிய காரியம். உங்கள் கேள்விகளுக்கான பதில் அந்த அறிக்கையில்தான் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள மூன்று வரிகளையும் மூன்று நோய்களாகப் படித்திருக்கிறீர்கள். சேர்த்துப் படித்தால்தான் உங்கள் கொட்டகையில் நடந்தது புரியும்.

ஆடு எதைப் பார்த்ததோ அதைத்தான் அறியும்

எதிர்ப்புச் சக்தி என்றதும் தொட்டித் தண்ணீர் மாதிரி, ஏறும் இறங்கும் என்று நினைக்கிறோம். பிறவியிலேயே வரும் சக்தி ஒன்று உண்டு. நோயைச் சந்தித்த பிறகு உடம்பு கற்றுக்கொள்வது இன்னொன்று. தடுப்பூசி நம்பியிருப்பது இந்த இரண்டாவதைத்தான். இது முகம் பார்த்துப் பழகும் சக்தி. கோக்சிடியாவில் ஓர் இனத்தோடு போராடித் தேறிய குட்டிக்கு அந்த இனம்தான் அடுத்த முறை அடையாளம் தெரியும். வேறு இனம் வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வாங்கி வந்த 8 ஆடுகளும் பார்க்கத் திடமாக இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். இருந்திருக்கும். பழைய கொட்டகையின் கோக்சிடியாவைக் குட்டிப் பருவத்திலேயே பார்த்துத் தேறியவை அவை. வயிற்றில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, தாங்கள் நோகாமல், புழுக்கையில் வெளியே விடும். உங்கள் குட்டிகளுக்கு அது முன்பின் தெரியாத ஆள். மூன்று வாரம் முதல் ஐந்து மாதம் வரையுள்ள குட்டிகள்தான் இதில் அதிகம் அடிபடும். நீங்கள் இழந்த குட்டிகளும் அந்த வயதுதான்.

ஒன்று உள்ளே இருக்கும்போது

தைப்பூசத்தன்று தண்ணீர்ப்பந்தலில் நின்றிருப்பீர்கள். இருக்கிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரை மோர் கலக்க அனுப்பிவிட்டால் சோறு பரிமாற ஆள் குறையும். ஆட்டின் உடம்பிலும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. புழுவை விரட்ட ஒரு விதமான படை வேண்டும்: குடலில் சளியைப் பெருக்குவது, இயோசினோபில் என்ற வெள்ளை அணுக்களைக் கூட்டுவது, அதற்கேற்ற எதிர்ப்பொருள்களைச் சுரப்பது. செல்லுக்குள் புகுந்துகொள்ளும் கோக்சிடியா போன்றவற்றுக்கு வேறு படை வேண்டும். முதலாவதை டி.எச்.2 வழி என்றும் இரண்டாவதை டி.எச்.1 வழி என்றும் நாங்கள் சொல்வோம். ஒரு வழியின் சைகைகள் ஓங்கினால் மற்றது அடங்கும். உடம்பின் அமைப்பே அப்படி.

இதோடு விட்டால் பரவாயில்லை. வயிற்றுப்புழு மாதக்கணக்கில் ஓர் ஆட்டுக்குள் குடியிருக்க வேண்டும். அதனால் அது சுரக்கும் பொருள்கள் ஆட்டின் படையையே அமைதிப்படுத்துகின்றன. எதிர்ப்பு மிஞ்சிப்போய் சொந்த உடம்பையே கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாட்டுச் செல்கள் எல்லா விலங்குகளிலும் உண்டு. புழு அவற்றைத் தூண்டிவிடுகிறது. அந்த அமைதி புழுவோடு நிற்காமல் பக்கத்தில் இருக்கும் கோக்சிடியாவுக்கும், நீங்கள் போட்ட தடுப்பூசிக்கும் சேர்த்தே கிடைத்துவிடுகிறது.

மூன்றாவது ஆள் டிரிப்பனோசோமா. மாட்டு ஈ ஒரு மாட்டைக் கடித்துக்கொண்டிருக்கும்போது விரட்டினால், ரத்தம் ஒட்டிய வாயோடு பறந்து போய் அடுத்ததைக் கடிக்கும். அந்த வாயில்தான் இது வரும். செம்பனைக்குள் மாடு மேயும் இடங்களில் மாட்டு ஈக்குக் குறைவே இல்லை. ஆட்டை இது சட்டென்று சாய்க்காது. ஆனால் எதிர்ப்பொருள் தயாரிக்கும் செல்களின் வேலையைக் குலைக்கும். எருமைகளுக்கு டிரிப்பனோசோமாவைத் தொற்றவைத்து, பிறகு தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தொற்று இல்லாத எருமைகளுக்கு வந்த அளவு எதிர்ப்பு அவற்றுக்கு வரவில்லை. தொண்டை அடைப்பான் கிருமியும் ஆட்டு நிமோனியாக் கிருமிகளும் ஒரே குடும்பம். டிரிப்பனோசோமாவும் வயிற்றுப்புழுவும் ஒரே வெள்ளாட்டில் சேர்ந்தால் தனித்தனியாக வந்ததைவிடப் பாதிப்பு கடுமையாகிறது என்று ஆப்பிரிக்க வெள்ளாடுகளை வைத்து 1981-லேயே எழுதியிருக்கிறார்கள்.

ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளாதா என்று கேட்டீர்கள். ஒரே இடத்தில் இருக்கும் இருவகைப் புழுக்கள் இடத்துக்குப் போட்டி போடுவது உண்மைதான். உங்கள் ஆட்டிலோ ஒன்று நான்காவது வயிற்றில், ஒன்று குடல் சுவரில், ஒன்று ரத்தத்தில் இருக்கிறது. அவை சந்தித்துக்கொள்வதே ஆட்டின் எதிர்ப்புச் சக்தி வழியாகத்தான். அந்தச் சந்திப்பில் நஷ்டம் ஆட்டுக்கு.

வயிற்றுப்புழுவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பழகாத காட்சி அது. செத்த ஆட்டின் நான்காவது வயிற்றைக் கத்தியால் கீறி விரித்தால், சேமியா அளவில், சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் போலப் புழுக்கள் சுவரெல்லாம் நெளியும். சிவப்பு, அது குடித்த ரத்தம் நிற்கும் குடல். வெள்ளை, அதைச் சுற்றியிருக்கும் முட்டைப்பை. ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். 5,000 புழு இருந்தால் தினமும் கால் லிட்டர். ரத்தத்தோடு புரதமும் போகிறது. தாடைக்குக் கீழே நீங்கள் பார்த்த வீக்கம் அந்தப் புரதம் குறைந்ததால் வந்த நீர். எதிர்ப்பொருளும் புரதம்தான் ஐயா. தினமும் கால் லிட்டர் ரத்தத்தை இழக்கும் ஆட்டிடம் போய், இந்தா தடுப்பூசி, எதிர்ப்பொருள் செய் என்றால் அது எதைக்கொண்டு செய்யும்?

மகனிடம் சொல்லுங்கள்

தடுப்பூசி போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ரசீதும் புட்டியின் தொகுதி எண்ணும் இருந்தால் எடுத்து வையுங்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்து விற்றார்களா என்று கேட்பது உங்கள் உரிமை. அதைத் தயங்காமல் கேட்கலாம். ஆனால் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதன்முறை போடும்போது பெரும்பாலான தடுப்பூசிகளுக்குச் சில வாரம் கழித்து இரண்டாவது ஊசி வேண்டும். முதல் ஊசியை வைத்தே பாதுகாப்பு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அப்புறம், புழு நிறைந்த விலங்குக்கு நல்ல தடுப்பூசியே அரைகுறையாகத்தான் பிடிக்கும். பன்றிகளுக்கு நாக்குப்பூச்சி இருக்கும்போது போட்ட நுரையீரல் தடுப்பூசி சரியாகப் பிடிக்கவில்லை என்று சோதனையில் தெரிந்திருக்கிறது.

நானே இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில், ஒரு பெரியவரின் 20 ஆடுகளுக்கு ஒரே காலையில் தடுப்பூசி போட்டேன். ஓர் ஆட்டின் கண் இமையைக்கூட இறக்கிப் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து அவர் கூப்பிட்டபோது ஆறு ஆடுகள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. இமையை இறக்கினேன், காகிதம் போல வெளுப்பு. அன்றிலிருந்து கண் பார்க்காமல் நான் ஊசி எடுப்பதில்லை.

பக்கத்து நிலத்துக்காரர் சொன்னதில் பாதி சரி

ஒட்டுண்ணியையே பார்க்காத ஆடு எதையும் கற்றுக்கொள்ளாது. இது உண்மை. சில நேரம் ஒன்றோடு இருப்பது இன்னொன்றிடமிருந்து காப்பாற்றவும் செய்யும். கென்யாவில் நூற்றுக்கணக்கான கன்றுகளைப் பிறந்ததிலிருந்து கவனித்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. உண்ணி பரப்பும் தைலேரியா என்ற ஒட்டுண்ணியில் சாதுவான இனங்கள் ஏற்கெனவே தொற்றியிருந்த கன்றுகளில், கொல்லும் இனத்தால் வரும் சாவு 89 சதவீதம் குறைந்திருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்.

ஆனால் அது நெருங்கிய இனங்களுக்குள் நடந்தது. சாதுவான ஒன்றைப் பார்த்து உடம்பு கொடிய உறவினரையும் அடையாளம் கண்டுகொண்டது. ரத்தம் குடிக்கும் புழு உங்கள் குட்டிக்குக் கோக்சிடியாவை எதிர்க்கக் கற்றுக்கொடுக்காது. அதோடு, வெள்ளாடு இலைதழை மேய்ந்து வளர்ந்த சாதி. தரைப்புல்லில் இருக்கும் புழுவோடு செம்மறிக்கு இருக்கும் பழக்கம் அதற்கு இல்லை. புழுவை எதிர்க்க அது மெதுவாகக் கற்கும். கற்றதும் செம்மறி அளவு உறுதியாக இருக்காது. குட்டி ஈனும் சமயத்தில் தாய்க்கு அந்தக் கொஞ்சமும் தளர்ந்து, முட்டை புழுக்கையில் கொட்டும். சரியாகக் குட்டிகள் தரையை நக்கத் தொடங்கும் நேரம் அது. இந்த மந்தையில் “பழகட்டும்” என்று விட்டால் மிச்சமுள்ள குட்டிகளும் போகும்.

மாதாமாதம் மருந்து கொடுத்தது தவறு என்பதில் அவர் பக்கம் நான் இருக்கிறேன், காரணம்தான் வேறு. ஐவர்மெக்டின் ஆட்டின் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கவில்லை. எல்லா ஆட்டுக்கும் ஓயாமல் கொடுத்ததில் மருந்துக்குச் சாகிற புழுக்கள் செத்தன, சாகாதவை பெருகின. ஒரு கிராமுக்கு 3,200 முட்டை அதைத்தான் காட்டுகிறது. நம் நாட்டு ஆட்டுப் பண்ணைகளில் இது புதிதல்ல. ஈப்போ கால்நடை ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய டாக்டர் சந்திரவதனி போன்றவர்கள் 1990-களிலேயே இதை எடுத்துக்காட்டினார்கள். வெள்ளாட்டின் உடம்பு பல புழு மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடும். புட்டியில் செம்மறிக்கு எழுதிய அளவைக் கொடுத்தால் குறைந்த அளவாகிவிடும், புழு இன்னும் சீக்கிரம் பழகிவிடும். அதற்காக நீங்களே அளவைக் கூட்டிவிடாதீர்கள். லெவாமிசோல் போன்றவை கொஞ்சம் மிஞ்சினாலும் ஆட்டைக் கொன்றுவிடும்.

இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் முடிவுக்கு உதவும். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் காட்டெருமைகளுக்குப் புழு நீக்கம் செய்து சில ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். புழு நீங்கிய எருமைகள் காசநோய் வந்த பிறகு பிழைத்திருந்த விகிதம் மற்றவற்றைப்போல் ஒன்பது மடங்கு. ஆனால் காசநோய் தொற்றும் வாய்ப்பு அவற்றுக்குக் குறையவே இல்லை. பிழைத்தவை நெடுநாள் நடமாடி மற்றவற்றுக்குப் பரப்பவும் கூடும். ஆக, புழுவைக் குறைத்தால் உங்கள் ஆடு நோயைத் தாங்கும். நோயே அண்டாது என்று நினைத்து, இருமும் நான்கு ஆடுகளையும் மற்றவற்றோடு கட்டிவிடாதீர்கள்.

எதை முதலில், எதைப் பிறகு

காலை வெளிச்சத்தில் ஒவ்வோர் ஆட்டின் கீழ் இமையையும் கட்டைவிரலால் இறக்கிப் பாருங்கள். செம்பருத்திச் சிவப்பாக இருந்தால் விட்டுவிடலாம். வெளிர் ரோஜா நிறத்திலிருந்து வெளுப்புவரை இருப்பவற்றுக்கும், தாடை வீங்கிய இரண்டுக்கும் மருந்து வேண்டும். இதற்கென்று தென்னாப்பிரிக்காவில் உருவாக்கிய ஃபமாச்சா என்ற வண்ண அட்டை உண்டு. மருத்துவரிடம் கேட்டால் எப்படிப் பார்ப்பது என்று காட்டுவார். ஒரு மந்தையில் பெரும்பாலான புழு சில ஆடுகளிடம்தான் இருக்கும். சிவந்த இமைக்காரர்களுக்கு மருந்து கொடுக்காமல் விட்டால், மருந்துக்குச் சாகிற புழுவும் நிலத்தில் மிஞ்சும். அடுத்த முறை மருந்து வேலை செய்ய அது வேண்டும்.

எந்த மருந்து என்பதை உங்கள் பகுதி கால்நடை மருத்துவர் ஆட்டை எடைபோட்டுச் சொல்லட்டும். ஐவர்மெக்டின் வேண்டாம் என்று மட்டும் நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். கோக்சிடியாவுக்குப் புழு மருந்து எதுவும் வேலை செய்யாது. குட்டிகளுக்கு அதற்கென்றுள்ள மருந்து தனி. டிரிப்பனோசோமா வந்த ஆட்டை இன்றே பிரித்து, ஈ அண்டாமல் வலை கட்டி வையுங்கள். அதற்கான ஊசியை மருத்துவர் கையால் போடுவதுதான் நல்லது. அதோடு வந்த மற்ற ஏழின் ரத்தத்தையும் பார்த்தாக வேண்டும். புக்கிட் தெங்கா கால்நடை ஆய்வகம் உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

மருந்து கொடுத்த பதினான்காம் நாள் புழுக்கையை மறுபடி எண்ண வேண்டும். முட்டை எண்ணிக்கை 95 சதவீதத்துக்குக் குறையாமல் இறங்கியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. இமை சிவந்து, கழிச்சல் நின்று, ஆடு அசைபோடத் தொடங்கிய பிறகு தடுப்பூசி. இரண்டாவது ஊசியை மருத்துவர் சொல்லும் நாளில் தவறாமல் போடுங்கள்.

இடைப்பட்ட நாட்களில் தீனிதான் மருந்து. புரதம் இல்லாமல் எதிர்ப்புச் சக்தி எழும்பாது. நேப்பியர் புல்லை மட்டும் வெட்டிப் போட்டால் வயிறு நிறையும், அவ்வளவுதான். சோயா சக்கை, கிளிரிசிடியா, பெத்தாய் பெலாலாங் தழை, முருங்கைத் தழை என்று கிடைப்பதைச் சேருங்கள். தீவனம் மாற்றுவதைப் படிப்படியாகச் செய்யுங்கள்.

மேய்ச்சலில் நம் ஊர் வெயில் உங்களுக்கு உதவும். இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் முட்டை ஒரு வாரத்துக்குள் தொற்றும் புழுவாகிவிடுகிறது, ஆனால் அதே சூட்டில் சீக்கிரம் களைத்தும் சாகிறது. டோங்கா தீவில் நிலத்தைப் பத்துத் துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மேயவிட்டு ஒரு மாதம் காயப்போட்டார்கள். புழு நன்றாகக் குறைந்தது. உங்கள் நிலம் அவ்வளவு இல்லையென்றால், இப்போதைக்குக் குட்டிகளைப் பரணிலேயே வைத்துத் தழை கட்டிப் போடுங்கள். பரணுக்கு அடியில் குவிந்த புழுக்கையை அள்ளிவிடுங்கள், தண்ணீர்த் தொட்டியைப் புழுக்கை விழாத உயரத்தில் வையுங்கள்.

விற்பதைப் பற்றி

ஆடு உங்களுடையது, விற்பது உங்கள் உரிமை. இப்போது விற்பதற்குத்தான் நான் சம்மதிக்க மாட்டேன். மருந்து ஏறிய ஆட்டைக் குறிப்பிட்ட நாள்வரை அறுக்கக் கூடாது, பாலையும் குடிக்கக் கூடாது. புட்டியில் இருக்கும் நாள் கணக்கு பெரும்பாலும் மாட்டுக்கும் செம்மறிக்கும் எழுதியது. வெள்ளாட்டுக்கு எத்தனை நாள் என்பதை மருத்துவர் எழுதித் தரட்டும். அக்கம்பக்கத்தில் பால் கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்; அதை இன்றே நிறுத்துங்கள், காரணத்தையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

வளர்ப்புக்கு என்று யாரும் கேட்டாலும் கொடுக்காதீர்கள். உங்களுக்கு வந்த 8 ஆடுகள் போல அவருக்கும் ஆகிவிடும். உங்கள் இடத்திலிருந்து கெடாவும் பேராக்கும் பாலம் தாண்டினால் வந்துவிடும். ஆனால் மாநில எல்லை தாண்டி ஆட்டை ஏற்ற கால்நடை சேவைத் துறையின் அனுமதித் தாள் வேண்டும். வாங்கியபோது அந்தத் தாள் இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை கேட்டு வாங்குங்கள், வந்த ஆட்டை ஒரு மாதமாவது தனியே கட்டி, புழுக்கையும் ரத்தமும் பார்த்த பிறகு உள்ளே விடுங்கள்.

இரண்டு மாதம் பொறுத்தால், தேறிய ஆடுகளை நல்ல விலைக்கு, நாள் கணக்கு முடிந்த தாளோடு விற்கலாம். இப்போது வியாபாரி கொடுப்பது எலும்பும் தோலுமான எடைக்குத்தான்.

முதலில் தாடை வீங்கிய இரண்டையும் கவனியுங்கள். அவற்றுக்கு நாள் அதிகம் இல்லை. பதினான்காம் நாள் புழுக்கை எடுக்கும்போது, முதல் முறை எடுத்த அதே ஆடுகளிடமிருந்து, தரையில் விழுமுன் கையுறை போட்டு நேரடியாக எடுங்கள். எண்ணிக்கையை எனக்கு எழுதுங்கள். தடுப்பூசிக்கு நாள் குறிப்பதை அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.